மலையில் சிக்கனக் குடித்தனம்: எதை முதலில் குறைப்பது, எதைக் கடைசியில் தொடுவது

கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கொஞ்சம் தேயிலை இருக்கிறது, வீட்டுக்காரர் வேலைக்கும் போகிறார், இரண்டு பிள்ளைகள், மாமியார். எங்கள் மகளிர் குழுவில் நான்தான் கணக்கு எழுதுகிறேன். சமவெளியிலிருந்து வேலை மாற்றலாகியும் கல்யாணமாகியும் இங்கே வந்து சேரும் குடும்பங்கள் முதல் ஆறு மாதத்தில் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை அவர்களுடைய செலவு நோட்டிலேயே பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். அரிசியிலும் காயிலும் பத்து ரூபாய் மிச்சம் பிடிப்பார்கள். அந்தக் காசு வெந்நீரிலும் பூசணம் பிடித்த பருப்பிலும் போய்விடும்.

மலைக் குடித்தனத்தில் காசைத் தின்பது குளிரும் ஈரமும். அதனால் சமவெளியில் இருப்பவர்கள் சொல்லும் வரிசை இங்கே சரிப்படாது. முதலில் சூடு, அப்புறம் சாப்பாடு, அதற்கப்புறம் மற்றவை. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு, அடுப்படியில் மாட்ட ஒரு நாள்காட்டி, நன்றாக மூடும் டப்பாக்கள், ஐந்து லிட்டர் குக்கர், ஒரு பழைய கம்பளி. ரேஷன் அட்டையும் கரண்ட் கணக்கு அட்டையும் ஒரே பையில் இருக்கட்டும். இரண்டு மூன்று துணிப்பை கட்டாயம். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை உண்டு, கடையில் கொடுக்க மாட்டார்கள். மறந்துபோய்ப் போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு பை விலைக்கு வாங்குவீர்கள். வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தால் ஒரு ஸ்வெட்டர் காசு.

1. முதல் மாதம் எதையும் குறைக்காதீர்கள்

எழுத மட்டும் செய்யுங்கள். வந்த வாரமே பாலை அரை லிட்டராக்கி, முட்டையை நிறுத்தி, பத்து நாளில் அலுத்துப்போய் நோட்டையே மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். எங்கே ஓட்டை என்று தெரியாமல் அடைக்க முடியாது.

மூன்று விஷயத்தைத் தேதியோடு குறியுங்கள். புது சிலிண்டர் மாட்டிய நாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டரில் இருக்கும் எண். விறகு வாங்கினால் அதன் எடையும் விலையும். மற்ற செலவை எல்லாம் ராத்திரி ஒரே வரியில் எழுதினால் போதும். உப்பு எவ்வளவு, கடுகு எவ்வளவு என்று பிரித்து எழுதினால் மூன்றாம் நாளே கை வலிக்கும்.

மீட்டர் எண்ணை வாராவாரம் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கரண்ட் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பார்கள். பில் வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போகும் ஒவ்வொன்றும் 8 ரூபாய்க்கு மேல். போன கணக்கிலிருந்து ஐந்தாவது வாரத்திலேயே 330 யூனிட் ஓடியிருந்தால், கடைசி மூன்று வாரம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

2. வெந்நீர்: முதலில் கைவைக்க வேண்டிய இடம்

நோட்டு எழுதிய முதல் மாதம் முடிந்ததும் இதில் இறங்குங்கள். மலைவீட்டில் இதைவிடப் பெரிய ஓட்டை எதுவும் இல்லை.

காரணம் எளிது. கோயம்புத்தூரில் குழாய்த் தண்ணீர் 27 டிகிரி போல இருக்கும், குளிக்கிற பதத்துக்கு 13 டிகிரி ஏற்றினால் போதும். இங்கே தண்ணீர் 15 டிகிரி, இன்னும் கீழேயும் போகும். அதே வாளிக்கு 25 டிகிரி ஏற்ற வேண்டும். ஒரே குளியல், இரண்டு மடங்கு சூடு. ஒரு வாளிக்கு சுமார் அரை யூனிட் கரண்ட் ஆகிறது. நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 2 யூனிட், ஒரு பில்லுக்கு 120 யூனிட். இது கவனமாகச் செலவு செய்தால். கீசரைப் போட்டுவிட்டு மறந்து போகிற வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அடுப்பில் காய்ச்சினால் லாபம் என்று நினைக்காதீர்கள். நான்கு பேர் குளிக்கிற தண்ணீரை கேஸில் காய்ச்சினால் மாதம் எட்டு கிலோ கேஸ் அதற்கே போய்விடும். சிலிண்டரில் இருப்பதே 14.2 கிலோ. "அக்கா, எங்க சிலிண்டர் இருபது நாள்தான் வருது, கேஸ் கம்மியா இருக்கோ?" என்று ஒரு பெண் கேட்டாள். போய்ப் பார்த்தேன். அடுப்பில் பெரிய அண்டா, மூடி இல்லாமல், காலை ஐந்தரை மணியிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

என்ன செய்யலாம்?

வெயிலைப் பிடியுங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை காற்றுதான் குளிர். வெயில் சுளீர் என்று அடிக்கும். வெளிப்பக்கம் கருப்பு பெயின்ட் அடித்த தகர டின்னில் தண்ணீர் நிரப்பி, மூடி போட்டு, காலை ஒன்பதரைக்கு வெயிலில் வையுங்கள். இரண்டு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் காய்ச்சியது போல இருக்காது, ஆனால் அந்தப் பச்சைத் தண்ணீரின் வெடவெடப்பு போயிருக்கும். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் அதில் கொஞ்சம் வெந்நீர் கலந்து குளிக்கட்டும். காலைக் குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றினாலே பாதி மிச்சம்.

கீசர் இருந்தால் சூட்டை 50 டிகிரியில் வையுங்கள். ஒருவர் குளித்த கையோடு அடுத்தவர் போக வேண்டும். ஆளுக்கொரு நேரம் குளித்தால் நடுவில் ஆறுகிற சூட்டுக்கும் நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள். ராடு போடுகிறவர்கள் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். இதில் அவசரமே கூடாது.

விறகு பாய்லர் வைத்தால், விறகை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வாங்கி அடுக்குங்கள். புதிதாக வருகிறவர்கள் ஜூனில் மழை பிடித்ததும் ஓடிப்போய் வாங்குகிறார்கள். எடைக்கு வாங்கும்போது விறகோடு தண்ணீரையும் விலை கொடுத்து வாங்குகிறோம். எரிக்கும்போது அந்த ஈரத்தை ஆவியாக்கவும் சூடு போகிறது. கற்பூரமரமோ (யூகலிப்டஸ்) சீகையோ (வாட்டில்), பிளந்து, தரையில் படாமல் இரண்டு கல் மேல் கட்டை போட்டு, காற்று புகும்படி இடைவெளி விட்டு, இறவாணத்துக்குக் கீழே அடுக்குங்கள். இரண்டு துண்டை எடுத்துத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீர் என்று கேட்கும், ஈரமானது மொத்தென்று கேட்கும். தேயிலைச் செடியைக் கவாத்து செய்கிற, அதாவது வெட்டிவிடுகிற சமயம் தோட்டக்காரரிடம் சொல்லிவைத்தால் கவாத்துக் குச்சி கிடைக்கும். குச்சி மெல்லிசாக இருந்தாலும் நின்று எரியும். காட்டுக்குள் போய்ப் பொறுக்க வேண்டாம். வனத்துறை பிடிக்கும், அதற்கு முன் காட்டெருமையோ கரடியோ எதிரே நிற்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். கரி எரிகிற நச்சுக் காற்றுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மலைகளில் அப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். ஹீட்டர் வாங்கக் காசில்லையென்றால் ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் போதும், நடுராத்திரி வரை தாங்கும்.

3. அடுப்பு: கீழே சமைத்த மாதிரி சமைக்காதீர்கள்

உயரம் போகப்போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், பருப்பு வேகாது. தீயைக் கூட்டினாலும் தண்ணீரின் சூடு ஏறப்போவதில்லை, கேஸ்தான் போகும்.

அதனால் பருப்பு, பயறு, கிழங்கு எல்லாம் குக்கரில்தான். கீழே மூன்று விசில் விட்டவர்கள் இங்கே நான்கு விடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். கொண்டைக்கடலை, மொச்சை ராத்திரி ஊறினாலும் குளிரில் சரியாக ஊறாது. கை பொறுக்கிற வெந்நீரில் போட்டு மூடிவையுங்கள். நகத்தால் கிள்ளினால் நடுவில் வெள்ளை தெரியக்கூடாது. தெரிந்தால் இன்னும் இரண்டு விசில் கேஸ் வேண்டும்.

சோற்றுக்குக் கம்பளி முறை. அரிசி கொதித்து ஏழெட்டு நிமிஷம் ஆனதும் மூடி போட்டு இறக்கி, பழைய கம்பளியால் அடியிலிருந்து மூடி வரை சுற்றி, ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். முக்கால் மணி நேரத்தில் வெந்திருக்கும். வடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் அளவுத் தண்ணீருக்கு மாறிக்கொள்ள வேண்டும். திறந்து திறந்து பார்க்கக் கூடாது, முதல் தடவை எல்லோரும் செய்கிற தவறு அது.

இட்லி மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வந்த வீடுகளில் அதிகம் வீணாகிற பண்டம் அதுதான். "அக்கா, மாவு இன்னைக்கும் புளிக்கலை" என்று வாரத்துக்கு ஒருத்தராவது சொல்வார்கள். புளிக்காத மாவில் கல் போல இட்லி, அதைப் பிள்ளைகள் ஒதுக்கும், கடையில் பன்னும் பிஸ்கட்டும் வாங்குவார்கள். காலைச் சாப்பாட்டுச் செலவு அப்படித்தான் இரட்டிப்பாகிறது.

உளுந்தையும் அரிசியையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள். அரைக்கும்போதும் வெதுவெதுப்பான தண்ணீரே விடுங்கள். உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கரையுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். பெரிய குண்டானில் ஒரு சாண் வெந்நீர், விரல் வைத்தால் பொறுக்கிற சூடு, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மூடி, கம்பளி சுற்றி, விறகடுப்பு இருந்தால் அதன் பக்கத்தில் வையுங்கள். கீழே எட்டு மணி நேரத்தில் பொங்குவது இங்கே பதினாறு மணி நேரம் எடுக்கும். அதனால் ராத்திரி அரைத்தால் மறுநாள் காலைக்கு ஆகாது. மதியம் அரைத்து மறுநாள் காலை ஊற்றுங்கள். சிம்மில் அடுப்பின் மேலேயே வைத்த ஒரு வீட்டில் மாவின் அடி கெட்டியாக வெந்து, மேலே பச்சையாக நின்றது. சோடா உப்புப் போட்டு ஏமாற்றவும் வேண்டாம், ருசி போய்விடும்.

இதே குளிர் ஒரு உதவியும் செய்கிறது. பொங்கிய மாவு பனிக்காலத்தில் வெளியிலேயே மூன்று நாள் தாங்கும். வந்த முதல் வருஷம் ஃபிரிட்ஜ் வாங்காதீர்கள். ஒரு கோடை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சிலிண்டர் வரும்போது எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. காலி எடை சிலிண்டர் மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கூட்டிப் பார்த்தால் சரியாக வர வேண்டும்.

4. ரேஷன்: முதல் வாரத்திலேயே

துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால் இந்த மூன்றில் மட்டுமே மாதம் ஒரு நல்ல தொகை நிற்கும். தாமதித்தால் பருப்பும் எண்ணெயும் தீர்ந்து, அடுத்த லோடுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

அட்டை கீழே ஊரில் இருக்கிறது என்று வாங்காமல் விடுகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டு அட்டைக்கு 2020 அக்டோபரிலிருந்து எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம். நிரந்தரமாக இருக்கப் போகிறீர்கள் என்றால் முகவரியை மாற்றிவிடுவதே நல்லது, கடையில் உங்கள் பேருக்கே சரக்கு வரும்.

எங்கள் மாமியார் மாதிரி வருஷக்கணக்காகக் கொழுந்து பறித்தவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும், மெஷினில் விழாது. அவரை மட்டும் அனுப்பினால் வெறுங்கையோடு திரும்புவார். அட்டையில் பெயர் உள்ள இன்னொருவரும் கூடப் போங்கள். விரலை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வைத்தால் சில சமயம் எடுக்கும்.

ரேஷன் புழுங்கலைச் சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லிக்குப் போடுங்கள். நான்கு பங்குக்கு ஒரு பங்கு உளுந்து. கடை இட்லி அரிசி வாங்குகிற வேலையே வேண்டாம்.

5. மளிகை: மொத்தமாக வாங்கும் பழக்கத்தை விடுங்கள்

சமவெளியில் மாசி, பங்குனி வெயிலில் மிளகாயும் புளியும் பருப்பும் ஒரு வருஷத்துக்கு வாங்கிக் காயவைத்து வைப்பார்கள். அருமையான பழக்கம், ஆனால் இங்கே அது நஷ்டம். ஜூனில் மழை தொடங்கினால் வீட்டுச் சுவரே வேர்க்கும். போன தடவை ஒரு குடும்பம் மேட்டுப்பாளையத்தில் ஐந்து கிலோ மிளகாய் வாங்கி வந்தது. ஆகஸ்டில் டப்பாவைத் திறந்து காட்டினார்கள். காம்போரமாகச் சாம்பல் நிறத்தில் பஞ்சு படிந்திருந்தது. மொத்தமும் குப்பைக்குழியில் போனது. அப்படிப் பூத்ததைத் தட்டிவிட்டுச் சமைக்கவும் கூடாது.

மே மாதத்துக்கு அப்புறம் மிளகாய்த்தூள், மல்லித்தூள், ரவை எல்லாம் ஒரு மாதத்துக்கு மட்டும். பருப்பை வெறும் சட்டியில் லேசாகச் சூடேற்றி, நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளேயே வேர்த்துக் கெடும். அரிசி மூட்டையைச் சுவரில் சாய்க்காமல் பலகை மேல் வையுங்கள்.

எண்ணெய், வெல்லம், சர்க்கரையை வெளி வராந்தாவிலோ தாழ்ப்பாள் சரியில்லாத பின்கட்டிலோ வைக்காதீர்கள். கரடி அந்த வாசனைக்குத்தான் வரும். ஒரு லிட்டர் எண்ணெய்க்காகக் கதவையே பெயர்த்துவிட்டால் தச்சுக்கூலி யார் கொடுப்பது?

6. காய்கறி

இங்கே விளைகிறதைச் சாப்பிடுங்கள். கேரட், முட்டைகோஸ், பீன்ஸ், முள்ளங்கி, பீட்ரூட், உருளை. முருங்கைக்காய், தேங்காய், சின்ன வெங்காயம் எல்லாம் கீழேயிருந்து மலையேறி வருகிறது, வண்டி வாடகை அதன் விலையிலேயே இருக்கிறது. யாராவது மேட்டுப்பாளையம் போகும்போது அவற்றைச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண அரசுப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்ற சலுகை 2024இல் மலைக்கும் வந்துவிட்டதால், சந்தைக்குப் போகிற வேலையை எங்கள் வீட்டில் நானே எடுத்துக்கொண்டேன். ஊட்டிக்குப் போனால் சேரிங்கிராஸ் உழவர் சந்தையில் விலைப்பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். உள்ளூர்க் கடையில் பேரம் பேச அது உதவும்.

கேரட்டைக் கழுவாமல் மண்ணோடு வாங்குங்கள், அதிக நாள் தாங்கும். பளபளவென்று கழுவியது நாலாம் நாள் வழவழக்கும். உடைந்த கேரட்டைத் தனியாகக் குறைந்த விலைக்குத் தருவார்கள், பொரியலுக்கு அது போதும். ஏப்ரல், மே சுற்றுலா சீசனில் எல்லா விலையும் ஏறும். அந்த இரண்டு மாதத்துக்கு வீட்டுக் கொல்லைதான் துணை.

கொல்லையில் வேறெதுவும் வைக்காவிட்டாலும் ஒரு மேரக்காய் (சௌசௌ) கொடி வையுங்கள். முற்றி முளைவிட்ட காயை அப்படியே பாதி புதைத்தால் போதும். பந்தலோ வேலியோ கிடைத்தால் படர்ந்து, கூடை கூடையாகக் காய்க்கும். கூட்டு, பொரியல், சாம்பார், தோலில் துவையல். பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து அவர்களிடம் கீரை வாங்கிக்கொள்ளலாம்.

7. துணி

மழைக்காலத்தில் துணி காய நான்கு நாள் ஆகும். பள்ளிச் சீருடை இரண்டு செட் மட்டும் இருந்தால் ஈரத்தோடு போட்டுக்கொண்டு போய் சளி பிடித்து, மருத்துவருக்குச் செலவழிப்பீர்கள். மூன்றாவது செட் வாங்குவது சிக்கனம்தான்.

துவைத்ததும் காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி மிதியுங்கள், பாதித் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும். அப்புறம் இறவாணத்தில் காற்றுக்கு ஒரு நாள், அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் ஒரு ராத்திரி. காற்றில் போடாமல் எடுத்த எடுப்பிலேயே அடுப்புக்கு மேலே போட்டால் துணி முழுக்கப் புகை நாற்றம். ஸ்வெட்டரை மே மாதம் சீசன் கடைகளில் வாங்காதீர்கள். மழை நடுவில், கூட்டம் இல்லாதபோது பேசி வாங்குங்கள்.

8. மழைக்குக் கையிருப்பு

2019 ஆகஸ்டில் இதே நீலகிரியில் உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் கொட்டியது. அதில் பாதி பெய்தாலும் மண் சரிந்து ரோடு அடைபடும், பஸ் நிற்கும், கடையில் சரக்கு இருக்காது. அந்த நாட்களில் இருக்கிற கடையில் கேட்ட விலைக்கு வாங்குவதுதான் மாதக் கணக்கை உடைக்கிறது.

ஜூன் முதல் வாரத்துக்குள்ளும் அக்டோபர் தொடக்கத்திலும் பத்து நாளுக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், தீப்பெட்டி, மெழுகுவத்தி, பால்பவுடர், வீட்டில் உள்ளவர்களின் மாத்திரை தனியாக எடுத்துவையுங்கள். மழை முடிந்ததும் அதையே சமைத்துத் தீர்த்துவிடுங்கள். இரண்டாவது சிலிண்டர் இல்லாதவர்கள் ஒரு கட்டு காய்ந்த விறகையாவது சமையலறைக்குள் வையுங்கள். கையில் சில்லறையாக ஐநூறு ரூபாய் இருக்கட்டும். கரண்டும் சிக்னலும் போனால் போனில் காசு அனுப்ப முடியாது.

9. பணத்தைப் பிரிப்பது

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், முதல் எட்டுப் படிகள் முடிந்தால்தான் உங்கள் வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும் என்று தெரியும். மூன்றாம் மாதம் ஆரம்பியுங்கள்.

சம்பளக்காரர்களுக்கு மாதாமாதம் ஒரே தொகை. எங்களைப் போலக் கொழுந்து போடுகிறவர்களுக்கு அப்படி இல்லை. பனி விழும் மாதங்களில் இலை வராது, விலையும் மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் நல்ல மாதத்து வருமானத்தை வைத்துச் செலவைத் திட்டமிடக் கூடாது. போன வருஷத்தில் மிகக் குறைவாக வந்த மாதம் எது என்று பார்த்து, அந்தத் தொகைக்குள் அரிசி, பால், கேஸ், கரண்ட், பள்ளிச் செலவு அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கவில்லை என்றால் எவ்வளவு குறைகிறதோ அதை நல்ல மாதங்களில் தபால் ஆபீசிலோ குழுவிலோ போட்டுவையுங்கள். குறைவான மாதத்தில் வாரக் கடன்காரரிடம் போய் நின்றால், இத்தனை நாள் வெந்நீரில் மிச்சம் பிடித்தது ஒரே வட்டியில் போய்விடும்.

எவ்வளவு இறுக்கினாலும் எங்கள் வீட்டில் மூன்றைத் தொடுவதில்லை. பிள்ளைகளுக்கு முட்டை, மாமியாருக்குத் தினமும் ஒரு வாளி வெந்நீர், ரத்த அழுத்த மாத்திரை. மாத்திரையை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், பதிவு செய்யாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் அந்த மூன்று எவை என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு, மற்ற வரிகளில் கைவையுங்கள்.